தட்டுல வெட்டின பேரு

தட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறான்னு சிரிக்கிறீங்கல்ல. சிரிங்கடா. உங்க வீட்டுப் பரண்ல கிடக்குற சொம்புலயும் யாரு பேராவது வெட்டியிருக்கும். பாத்துட்டு வந்து மிச்சத்தைச் சிரிங்க.

"அக்கா, எத்தனை கோட்டு அடிச்சாலும் எழுத்து தெரியுது. என்ன பண்ண?"

இது நான் பியூலா அக்காகிட்ட கேட்ட கேள்வி.

அக்கா பக்கத்து போர்ஷன். எந்நேரமும் எங்க மொட்டை மாடியிலதான் இருக்கும். ஓட்டை முறம், பிடி போன தோசைக்கல்லு, எதைக் குடுத்தாலும் பெயிண்ட் அடிச்சு சுவத்துல மாட்டிரும். பெயிண்ட்ல மீன் பதிக்கிற ஸ்டென்சிலை வெட்டுறது பழைய எக்ஸ்ரே ஃபிலிம்ல. வெயிலுக்குத் தூக்கிப் பிடிச்சா, யாரோ ஒருத்தர் விலா எலும்புக்குள்ள மீன் நீந்தும்.

நான் கொண்டுபோனது ஆறு எவர்சில்வர் தட்டு. நான் காலேஜ்ல சேந்த வாரமே அம்மா வாங்கினது. எல்லாத்துலயும் 'ரா. முகுந்தன் பி.இ.'

"பையன் முடிச்சிட்டானாம்மா?"ன்னு பாத்திரக்கடைக்காரர் கேட்டிருக்காரு.

"முடிச்சிருவான். நீங்க வெட்டுங்க."

நான் ரெண்டாம் வருஷமே காலேஜுக்குக் கும்பிடு போட்டுட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. கடைசி வருஷம் படிக்கிறேன்னு நினைச்சிட்டிருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை ஊர்ல இருந்து வருது. வந்தா இந்தத் தட்டுலதான் சாப்பிடும். கழுவி வைக்கும்போது எழுத்தை விரலால ஒரு தடவு தடவும். அப்ப என் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்.

அதான் தட்டெல்லாம் சுவத்துக்குப் போகட்டும்னு பாத்தேன்.

"எழுத்துப் பள்ளத்துல பட்டி வச்சியா?"

"வச்சேன்கா. காஞ்சதும் உள்ள போயிருச்சு. பி மறைஞ்சா இ எட்டிப் பாக்குது."

"உனக்கு ஒட்டாத படிப்பு தட்டுல நல்லா ஒட்டியிருக்கு."

பெயிண்ட் அடிக்காத தட்டு ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. அக்கா அதை எடுத்துச்சு. பிரஷ்ஷை எடுக்கல. தன்னோட தூக்குவாளியைத் திறந்து, புளிச்சோத்தை அதுல கவுத்துச்சு.

"எழுத்து தெரியுதா?"

"தெரியல. இப்படியே மாட்டிரலாமா?"

"எறும்பு வரும். சாப்பிடு."

கொடியில ஸ்டென்சில் எல்லாம் காயப் போட்டிருந்துச்சு. அது வழியா வெயில் இறங்கி, சோத்து மேல மீன் மீனா விழுந்துச்சு. காத்தடிச்சா மீனெல்லாம் நகரும். என் கைமேல ஏறும், திரும்பத் தட்டுக்குள்ள குதிக்கும். நான் மெதுவா சாப்பிட்டேன். மணி என்ன, கிழமை என்ன, ஒண்ணும் தெரியல. தண்ணிக்கடியில உக்காந்து சாப்பிடுற மாதிரி இருந்துச்சு.

கடைசிக் கவளத்துல எழுத்து வந்துச்சு. மொதல்ல ரா. அப்புறம் என் பேரு. அப்புறம் அது.

"சோறு எப்படி?"

"நல்லா இருந்துச்சுக்கா."

"பி.இ. போட்டிருந்ததாலயா?"

மிச்சப் பருக்கையை வழிச்சு வாயில போட்டேன்.

"கழுவி வை."

குழாயடியில கழுவினேன். விரல் அதுபாட்டுக்கு எழுத்தைத் தடவுச்சு. அம்மா தடவுற மாதிரியே. பேரு முடியுற இடத்துல நின்னுருச்சு.

அம்மா விரலும் அங்கதான் நிக்கும். எத்தனை தடவை பாத்திருக்கேன். அதைத் தாண்டி பி.இ. மேல போனதே இல்ல.

ஈரக்கையோட போன் போட்டேன்.

"என்னடா, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா. நான் காலேஜை விட்டு ரெண்டு வருஷமாச்சு. உங்கிட்ட பொய் சொல்லிட்டிருந்தேன்."