பாதித் தாடியோடு வந்த தளவாய்

முன்னொரு காலத்திலே வேங்கைப்பட்டினத்தை மணிமுடியர் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் பிடித்தால் ஒரே பிடி. பௌர்ணமி சபைக்கு யாராவது தாடியோடு வந்தால் பதவி போய்விடும் என்று சட்டமே போட்டிருந்தார்!

தளவாய் வாணராயருக்கு அமைச்சர் நல்லசிவத்தைக் கண்டாலே வயிற்றெரிச்சல். பௌர்ணமிக்கு முதல்நாள், தம் வீட்டில் குடியிருந்த நாவிதர் முத்திருளனைச் சபைக்கு இழுத்து வந்தார்.

"மன்னா, இவன் வாடகை பாக்கி வைத்திருக்கிறான். சவரப் பெட்டியைப் பிடுங்கிப் பூட்டிவிட்டேன். நாளை வீட்டையும் காலி செய்ய வேண்டும்."

முத்திருளன் அழுதேவிட்டார். "மகாராஜா, காய்ச்சல்ல படுத்துட்டேன். இப்போ எந்திரிச்சுட்டேன், பெட்டியைக் கொடுத்தா உழைச்சுக் கட்டிடுவேன். என் பெண்சாதி நிறைமாசம், எங்கே போவேன்?"

"வாடகை வரும்வரை பெட்டி வெளியே வராது!" என்றார் வாணராயர்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

வாணராயருக்கு ஒரே குஷி. "வாடகை வசூலாக அமைச்சர் நாளைக்குள் வழி காட்டட்டும். முடியாவிட்டால் அவர் பதவியை எனக்குத் தாருங்கள்!"

நல்லசிவம் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். வாணராயரின் கஞ்சத்தனம் அவருக்குத் தெரியாதா என்ன!

மறுநாள் காலை, வேறு நாவிதருக்குக் கூலி கொடுக்க மனமில்லாத வாணராயர், ரகசியமாய்ப் பெட்டியை எடுத்துக் கொடுத்து முத்திருளனையே சவரம் செய்யச் சொன்னார். வலது கன்னம் முடிந்தது. அந்த நேரம் பார்த்து நல்லசிவம் காவலர்களோடு உள்ளே நுழைந்தார்.

"என்ன தளவாயே, பெட்டி வெளியே வந்திருக்கிறதே! ராஜ உத்தரவு என்ன ஆயிற்று? பூட்டுங்கள் உள்ளே!"

பெட்டி உள்ளே போனது. சபை முரசும் முழங்கிவிட்டது. ஒரு கன்னம் பளபளக்க, மறு கன்னத்தில் தாடி தொங்க, வாணராயர் சபைக்கு ஓடினார். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னய்யா கோலம் இது? மறுபாதி எங்கே?"

"பெட்டியைப் பூட்டிவிட்டால் அவன் எப்படி மன்னா வேலையை முடிப்பான்?" என்று கத்தினார் வாணராயர்.

"இதைத்தானே மன்னா அவரும் நேற்று அழுதுகொண்டே சொன்னார்!" என்றார் நல்லசிவம்.

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவுக்கு உறைத்துவிட்டது.

"என் தப்பும்தான். முத்திருளா, பெட்டியை எடுத்துக்கொள், அந்த வீட்டிலேயே குடியிரு. சம்பாதிக்கச் சம்பாதிக்க வாடகையைக் கட்டு. தளவாயே, பதவி வேண்டுமானால் கூலி கொடுத்து மறுபாதியை எடுத்துக்கொள்ளும்."

நல்லசிவத்துக்கு முத்துமாலை கிடைத்தது. முத்திருளன் சபை நடுவிலேயே சவரத்தை முடித்தார். வாணராயர் பல்லைக் கடித்துக்கொண்டு கூலியைக் கொடுத்தார். வாங்கிக் கண்ணில் ஒற்றிய முத்திருளன், அதை அப்படியே அவரிடம் நீட்டினார்.

"இந்தாங்க எஜமான், வாடகையில முதல் தவணை!"