அழித்த கோடுகள்

ஊருக்குள் வந்த ஆறு ஒரு வழியாகத் திரும்பிப் போயிருந்தது. சும்மா போகவில்லை. பாலத்தையும் கீழத்தெருவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்தவர்களுக்குச் சேறுதான் கிடைத்தது.

எண்ணெய்ச் செக்குக்கு மேலே மாடியில் இருந்ததால் குழல்வாய்மொழியின் ஓவியக்கூடம் நனையவில்லை. அவளிடம் ஓவியம் படிக்கும் ஆவுடையப்பனுக்கு அதுவே ஒரு குற்றமாகப் பட்டது. குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆயுசு முழுக்கப் போட்டோ ஸ்டூடியோவில் டச்சப் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். அந்த ஊரில் கல்யாணமான பாதிப் பேருடைய முகப்பரு அவர் கையால் போனதுதான்.

அன்று காலை அவர் கூடத்துச் சாவியை மேசைமேல் வைத்தார்.

“நான் இனிமே வரல டீச்சர்.”

“உடம்புக்கு என்ன அண்ணாச்சி?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. மனசுதான் கேக்கல. ஜனங்க மாத்துத் துணிக்கு அலையுது. நான் இங்க உக்காந்து மூக்கு வரைஞ்சுக்கிட்டு இருக்கேன். வெளிய சொன்னா காறித் துப்புவாங்க.”

“வேற என்ன செய்யப் போறீங்க?”

“நம்ம ஊரு முகாமுக்குப் போயி சாப்பாட்டுப் பொட்டலம் கட்டப் போறேன். நாலு பேரு வயிறாவது நெறையும். இந்தக் காலத்துல படம் வரைஞ்சு யாருக்கு என்ன ஆகப் போகுது? நீங்களே சொல்லுங்க.”

குழல்வாய்மொழி பென்சில் சீவத் தொடங்கினாள். அவளிடம் அது ஒரு பொல்லாத பழக்கம். எதிராளி மனசு வெடித்துக் கேட்கும் நேரமாகப் பார்த்துத்தான் பென்சில் சீவுவாள். ஆவுடையப்பனுக்குக் கோபம் கோபமாக வந்தது.

அப்போது படியில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. மூச்சு வாங்க ஏறி வந்தவள் பூமாரி, மாசானத்தின் அக்கா.

மாசானம் வாராவாரம் கூடத்துக்கு வந்து, மற்றவர்கள் பார்த்து வரைவதற்காக முக்காலியில் உட்காருகிற ஆள். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் உட்கார் என்று கையைக் காட்டிவிட்டால் போதும், ஈ மொய்த்தாலும் அசையமாட்டான். அவனை வரைகிறவர் ஆவுடையப்பன். குழல்வாய்மொழி பின்னால் நின்று பார்ப்பதோடு சரி.

“தம்பியைக் காணல டீச்சர்.” பூமாரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “தண்ணி வந்த அன்னைக்கு யாரோ அவனைப் படகுல ஏத்தி அக்கரைக்குக் கொண்டு போயிட்டாங்களாம். அங்க ஏகப்பட்ட முகாம். பாலமும் இல்ல, நான் எங்கன்னு போயித் தேடுவேன்? போட்டோ இருந்தா போன்ல அனுப்புங்க, தேடிப் பாக்கோம்னு சொல்லுதாங்க. பழைய போனு, போட்டோவெல்லாம் வீட்டோட போயிட்டு. இது இரவல் போனு.”

“ஆதார் கார்டு?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

“அதுவும்தான் போயிட்டு. இருந்தாலும் அந்தப் படத்தைப் பாத்து அவன்னு யாரு சொல்லுவா?” அழுகைக்கு நடுவே அவளுக்கே ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகம் கோணியது. “நாளையோட அக்கரை முகாமையெல்லாம் மூடுதாங்களாம். பேரு ஊரு தெரியாதவங்களை வண்டியில ஏத்தி, தூரத்துல ஏதோ விடுதிக்கு அனுப்பப் போறாங்களாம். அவன் வாயைத் தொறந்து பேரைச் சொல்லுவானா டீச்சர்? அப்புறம் எங்க போயி நான் அவனைக் கண்டுபிடிக்க? இங்க வச்சுத்தான அவனை வரைவீங்க, ஒரு படம் குடுங்க.”

ஆவுடையப்பன் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அலமாரியைத் திறந்து, தான் வரைந்ததிலேயே ஆகச் சிறந்த படத்தை எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் விரித்தார். இத்தனை அவசரத்திலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பூமாரி பார்த்தாள். தலையைச் சாய்த்தும் பார்த்தாள்.

“நல்லா இருக்கு அண்ணாச்சி. யாரு இது?”

“உன் தம்பிம்மா. மாசானம்.”

அவள் மறுபடியும் பார்த்தாள்.

“சட்டை அவனோடதுதான்.”

இன்னொரு படத்தை எடுத்தார். அதற்கு அடுத்ததையும் எடுத்தார். எல்லாவற்றிலும் ஒரு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். மூக்கும் முழியுமாக, இரண்டு காதும் ஒரே அளவாக, கல்யாண ஆல்பத்தில் இருந்து இறங்கி வந்தவனைப் போல இருந்தான். அத்தனை படத்தில் ஒன்றில்கூட மாசானம் இல்லை.

ஆவுடையப்பன் படங்களைக் கீழே வைத்தார். குழல்வாய்மொழி எத்தனை தடவை கேட்டிருக்கிறாள், “அவரு காது எங்க அண்ணாச்சி?” என்று. அவரும் ஒவ்வொரு தடவையும் பெரிய மனசோடு, “பாவம், இருக்கிற குறையை நாம வேற காட்டணுமா டீச்சர்?” என்றுதான் சொல்லியிருக்கிறார். அந்தப் பெரிய மனசு இப்போது ஒருத்தனைத் தொலைத்துவிட்டு நின்றது.

“டீச்சர்... அவன் முகம் எனக்கு வரல. நெனச்சா இந்தப் படம்தான் கண்ணுல நிக்குது.”

“இதுல எதையெல்லாம் அழிச்சீங்க?”

“என்ன கேக்கீங்க?”

“ரப்பர் போட்டு அழிச்சீங்கல்லா. அது ஞாபகம் இருக்கா?”

ஆவுடையப்பன் கண்ணை மூடினார். எப்படி இல்லாமல் போகும்? வரைந்ததைவிட அழித்ததற்குத்தானே அதிகம் மெனக்கெட்டார். சின்ன வயசில் நாய் கடித்துப் பிய்த்த இடது காது. பாதி மூடிய இமை. வலப்பக்கம் ஒதுங்கிய மூக்கு. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, உதட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கும் இரண்டு பற்கள்.

குழல்வாய்மொழி புதுத் தாளை வைத்து, சீவிய பென்சிலை அவர் கையில் கொடுத்தாள்.

“அதை மட்டும் போடுங்க.”

அவர் காதில் இருந்து தொடங்கினார். பிய்ந்த ஓரத்தை இழுத்ததும் பழக்க தோஷத்தில் இடது கை ரப்பரைத் தேடி மேசையில் துழாவியது. ரப்பர் அங்கே இல்லை. கை திரும்பி வந்து தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டது. இமை வந்தது. மூக்கு ஒதுங்கியது. பற்களை வரையும்போது அவர் கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைக்கவும் அவர் நிறுத்தவில்லை.

தாடையை முடிப்பதற்குள் பின்னால் இருந்து பூமாரி கத்திவிட்டாள்.

“ஏலே மாசானம்!”

படத்தை அவளே அந்த இரவல் போனில் எடுத்து அனுப்பினாள். மத்தியானம் மூன்று பேரும் சாப்பிடவில்லை. ஆவுடையப்பன் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தார். குழல்வாய்மொழி சீவுவதற்குப் பென்சில் மிச்சமில்லை.

பொழுது சாயப் போன் அடித்தது. அக்கரையில் ஒரு முகாமில் கஞ்சி ஊற்றும் பெண் பேசினாள். “காதைப் பாத்ததும் தெரிஞ்சுட்டு அக்கா. இந்தா, என் பக்கத்துலதான் இருக்காரு” என்று போனைத் திருப்பிக் காட்டினாள். சின்னத் திரையில் மாசானம் அந்த இரண்டு பற்களையும் காட்டிச் சிரித்தான்.

பூமாரி அழுதாள். ஆவுடையப்பன் அவளைவிட அதிகமாக அழுதார். மனசில் இருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது அவருக்கு.

மறுநாள் மாசானம் படகில் வந்து சேர்ந்தான். அக்காவோடு மாடி ஏறி வந்து, மேசைமேல் இருந்த படத்தைப் பார்த்தான். தன் காதைத் தொட்டான், படத்தின் காதைத் தொட்டான். ஆவுடையப்பனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, யாரும் சொல்லாமலே போய் முக்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

கூடத்துச் சாவி நேற்று வைத்த இடத்திலேயே கிடந்தது. ஆவுடையப்பன் அதை எடுத்துக் கையில் வைத்து உருட்டினார்.

“டீச்சர், இப்ப நான் பொட்டலம் கட்டப் போகவா, வரைய உக்காரவா?”

“நாளையில இருந்து காலையில போயிக் கட்டுங்க. பாலம் போட்டு எல்லாரும் வீடு திரும்புற வரைக்கும் கட்டுங்க. குடுக்கும்போது முகத்தைப் பாத்துக் குடுங்க அண்ணாச்சி. வெளிச்சம் நல்லா விழுற நேரத்துக்கு இங்க வந்துருங்க.”

ஆவுடையப்பன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாசானத்துக்கு எதிரே உட்கார்ந்தார். தாளை விரித்தார். மேசையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“ரப்பர் எங்க டீச்சர்?”

“அது எங்கிட்டயே இருக்கட்டும்.”