புதுத் தோல்

"இந்தப் புதுத் தோலுக்கு ஸ்டெல்லாவைத் தெரியாது, கோச்."

அருளப்பன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மோதிர விரலின் அடியில் ஓரிடம் மட்டும் இளஞ்சிவப்பாக இருந்தது.

பர்வீன் குனிந்து பார்த்தாள். அவரைவிட இளையவள். அந்தக் குன்றில் பாறையேறக் கற்றுக்கொடுப்பவள்.

"நல்லா ஆறியிருக்குண்ணே."

"அங்க இருந்த காய்ப்பு, நானும் அவளும் சேர்ந்து வந்த காலத்துல வந்தது."

அவளுக்குத் தெரியும். ஞாயிறுதோறும் கணவனும் மனைவியுமாக வருவார்கள். அவர் ஏறுவார். ஸ்டெல்லா கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "காலைப் பாத்து வைங்க!" என்று கத்துவாள். வெயில் ஏறியதும் புளியமரத்தடியில் தயிர்சாதம். சிராய்த்த விரலில் எலுமிச்சை ஊறுகாய் பட்டு அவர் அலறுவார். அவள் சிரித்துக்கொண்டே ஊட்டிவிடுவாள்.

போன வருஷம் ஸ்டெல்லா இறந்துபோனாள்.

அதன்பின் தனியாகத்தான் வந்தார். கீழே கயிற்றைப் பர்வீன் பிடித்தாள். காய்ப்பு மேடிட்டுக்கொண்டே போனது.

"உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சு விடுங்கண்ணே. பாறையில மாட்டினா பிய்ஞ்சிடும்."

"அதுல கை வைக்காதே."

ஒருநாள் பிய்ந்தது. கயிற்றில் இறங்கி வந்தபோது மணிக்கட்டு வரை ரத்தம். பர்வீன் சோப்புப் போட்டுக் கழுவினாள். தொங்கிய தோலைக் கத்தரித்து, மருந்து வைத்துக் கட்டினாள்.

கத்தரித்த துண்டை அருளப்பன் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவள் கத்தரியைத் துடைத்து வைத்தாள்.

இன்று அந்தப் புண் ஆறிவிட்டது.

"இனிமே நான் வரல, கோச். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"சரிண்ணே."

அவள் தன் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். தேன்மெழுகுக் களிம்பு.

"புதுத் தோல் காஞ்சா வெடிச்சிடும். ஏறினாலும் ஏறாட்டியும் தேய்ச்சுக்குங்க."

அவர் அங்கேயே பாறையில் உட்கார்ந்து தேய்த்தார்.

முதலில் சுண்டுவிரல். அடியிலிருந்து நுனிவரை மெல்ல உருவினார். பிறகு அடுத்த விரல். எல்லாம் முடிந்ததும் உள்ளங்கையின் நடுவில் கட்டைவிரலால் வட்டமாக அழுத்தி, போதும் என்பதுபோல் லேசாக ஒரு தட்டு.

"இப்படித் தேய்க்க யாருண்ணே சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. ஏறிட்டு வீட்டுக்குப் போனதும் ஸ்டெல்லாதான் என் கையைப் பிடிச்சு..."

நிறுத்தினார்.

பாறையில் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

அருளப்பன் மற்றக் கையை மடியில் வைத்து, சுண்டுவிரலிலிருந்து தொடங்கினார்.