லீலாபாய் டீச்சர் சொன்னது

மார்த்தாண்டத்தில் கார் பழுது பார்க்கும் அருளப்பன் ஆசானிடம் பதினோரு வருடமாகத் தொழில் செய்துவந்தான் ஜஸ்டஸ். ஒரு வியாழக்கிழமை அவன் வேலை பார்த்து அனுப்பிய கார், மூன்றாம் நாள் ஒரு வளைவில் இடது முன்சக்கரம் கழன்று மதிலில் மோதியது. ஓட்டிவந்த லீலாபாய் டீச்சர் பிழைத்தார். பக்கத்தில் இருந்த கணவர் பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் ஜஸ்டஸ் ஆசான் முன்னால் வந்து நின்றான்.

“டீச்சர் பிரேக்கைத்தான் பார்க்கச் சொன்னாங்க. பிரேக்கை நல்லாத்தான் பார்த்தேன். போனது சக்கரத்துக்குள்ள இருக்கிற வீல் பேரிங். என் மேல என்ன தப்பு ஆசானே?”

ஆசான் கையைக் கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டார்.

“வா” என்றார்.

டீச்சர் வீட்டு முற்றத்தில் வாடகை நாற்காலிகள் இன்னும் கிடந்தன. டீச்சரின் கையில் மாவுக்கட்டு. ஜஸ்டஸைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆசான் எதிரே உட்கார்ந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

“வண்டியில சத்தம் கேட்டுதா டீச்சர்?”

“கேட்டுது.”

“எப்ப?”

“ரெண்டு வாரமா. வலது பக்கம் வளைக்கும்போது மட்டும். கல்லோட கல்லு உரசுற மாதிரி. வேகமா போனா கூடும். நேரா ஓட்டுனா குறைஞ்சிடும். அவரு இருக்கிற பக்கத்துச் சக்கரத்துலதான். காலுக்கடியில அதிருதுன்னு அவரும் சொன்னாரு.”

ஜஸ்டஸுக்குத் தாங்கவில்லை. “இதை என்கிட்ட ஏன் சொல்லல்ல டீச்சர்?”

டீச்சர் முதல்முறையாக அவனைப் பார்த்தார்.

“வண்டியில ஒரு சத்தம்னு ஆரம்பிச்சேன். ‘பிரேக்தானே?’ன்னு கேட்டீங்க. தொழில் தெரிஞ்சவரு சொல்றாரேன்னு ஆமான்னேன்.”

பிறகு அவர் அந்த வளைவைப் பற்றிச் சொன்னார். கணவர் கடைசியாகப் பேசியதைச் சொன்னார். சொன்னதையே திரும்பவும் சொன்னார். ஆசான் ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசவில்லை. டீச்சர் தானாக நிறுத்திய பிறகே எழுந்தார்.

இருவரும் பாதி வழி வந்திருந்தார்கள்.

“எல்லாம் முடிஞ்சு போச்சு” என்றான் ஜஸ்டஸ். “இனி கேட்டு என்ன பிரயோஜனம் ஆசானே?”

“வண்டிக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல” என்றார் ஆசான். “டீச்சர் அன்னைக்கு ஆரம்பிச்சதை இன்னைக்குத்தான் சொல்லி முடிச்சாங்க.”