மன்னரின் முழங்கால் வலி அமைச்சருக்கு வந்த கதை

மலைக்கு மேற்கே, ஆற்றுக்குக் கிழக்கே ஒரு சீமை. ரொம்பக் காலத்துக்கு முன்னால் அதைச் செண்பகராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஐம்பது வயது தாண்டியதும் அவருக்கு முழங்கால் வலி வந்தது. கூடவே ரோஷமும் வந்தது. சிம்மாசனத்தை விட்டு எழுந்தால் 'கடக்' என்று சத்தம் கேட்கும். விருந்துக்கு வந்த சிற்றரசன் ஒருவன் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டான். அவ்வளவுதான்!

"இனி இந்த நாட்டில் முழங்கால் என்று எவனாவது பேச்சு எடுத்தால், மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றிவிடுவேன்!" என்று உத்தரவு போட்டுவிட்டார். அன்றிலிருந்து அரண்மனைத் தையற்காரன்கூட, "அங்கி தொடைக்குக் கீழே, கெண்டைக்காலுக்கு மேலே நிற்கிறது, மகாராஜா" என்றுதான் சொல்லுவான்.

ஒருநாள் வடக்கேயிருந்து ஒரு யாத்திரிகர் சபைக்கு வந்தார். "மகாராஜா, உங்கள் முன்னோர் வெட்டிய படிக்கிணற்றையும் குன்றின்மேல் குடைந்த கோயிலையும் பார்த்தேன். அடடா! தாங்கள் அடிக்கடி போய்வருவீர்களோ?" என்று கேட்டார்.

ராஜாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. "நாளைக்கே புறப்படுகிறோம்!" என்றார்.

படைத்தலைவரான தளவாய் விருப்பண்ணனுக்கு உள்ளூரக் குஷி. அமைச்சர் ஆவுடையப்பர்மேல் அவருக்கு வெகுநாள் பொறாமை. அமைச்சரோ ராஜாவைவிட மூத்தவர். வழியில் கிழவர் சுருண்டுவிட்டால் அந்தப் பதவி தனக்குத்தான் என்று மனக்கோட்டை கட்டினார். "பல்லக்கு எதற்கு மகாராஜா? பாட்டனார் நடந்த படியில் பேரனும் நடந்தால்தானே அழகு!" என்றார்.

"அதுதான் சரி!" என்று ராஜாவும் வீறாப்பாகச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அங்கே எத்தனை படி என்பது ஞாபகம் வந்தது.

முதலில் படிக்கிணறு. ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை என்பது வலி கண்டவர்களுக்குத் தெரியும். ராஜா ஒரு படியில் காலை வைத்தார், பல்லைக் கடித்தார். உடனே ஆவுடையப்பர் "அப்பாடா!" என்று கிணற்றின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"மன்னிக்க வேண்டும், மன்னா. எனக்குத் தொடைக்குக் கீழே, கெண்டைக்காலுக்கு மேலே உயிர் போகிறது."

"அடப் பாவமே! உம்மைத் தனியே விட்டுவிட்டு நான் எப்படி இறங்குவேன்?" ராஜா அவசர அவசரமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சுவரில் செதுக்கிய யாளிகளைப் பார்த்தார்கள். பச்சைத் தண்ணீரில் மீன் துள்ளியதைப் பார்த்தார்கள். யாளியின் வாயில் கையை விட்டு அப்பாவிடம் திட்டு வாங்கியது ராஜாவுக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தளவாயோ யாரும் கேட்காமலே அடிவரைக்கும் ஓடிப்போய்விட்டுத் திரும்பி வந்தார்.

அடுத்தது குன்று. கொஞ்ச தூரம் ஏறுவதற்குள் அமைச்சர் உட்கார்ந்துவிடுவார். "என்ன அமைச்சரே, இதற்குள்ளேயா?" என்று கேட்டுக்கொண்டே ராஜாவும் உட்கார்ந்துவிடுவார்.

தளவாய்க்குப் பொறுக்கவில்லை. "மகாராஜா, இவ்வளவு தளர்ந்தவருக்கு அமைச்சர் பதவி எதற்கு?"

"சும்மா இரும் ஓய்! மனுஷன் மூச்சு விடட்டும்!"

இப்படியே உச்சிக்குப் போய்விட்டார்கள். பாறையைக் குடைந்த கோயில் குளுகுளுவென்று இருந்தது. ராஜா தூணில் சாய்ந்து கண்ணயர்ந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு அவர் தலைப்பாகையைப் பறித்துக்கொண்டு ஓடியது. ஆவுடையப்பர் எல்லாவற்றையும் மறந்து ஒரே தாவாகத் தாவினார். பாறைக்குப் பாறை குதித்துத் துரத்தி, தலைப்பாகையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"அகப்பட்டீரா!" என்று தளவாய் கத்திய கத்தலில் ராஜா விழித்துக்கொண்டார். "மகாராஜா! இவருக்கு வலியுமில்லை, கிலியுமில்லை. ஆட்டுக்கிடா மாதிரித் துள்ளினார். நாள் முழுக்கத் தங்களை ஏமாற்றியிருக்கிறார். பொய் சொன்னவரைப் பதவியைவிட்டு நீக்குங்கள்!"

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "ஆவுடையப்பரே, உண்மையா?"

"உண்மைதான் மன்னா. பொய்தான் சொன்னேன்."

"என்னிடமா? ஏன்?"

அமைச்சர் கையைக் கட்டிக்கொண்டார். "குற்றம் சாட்டியவர் தளவாய். காரணத்தையும் அவரே சொல்லட்டும். நல்ல கால் உள்ளவன் எதற்காக வழியெல்லாம் உட்கார்ந்தான்? தெரிந்தால் சொல்லட்டும். தெரியாவிட்டால், தெரியாத விஷயத்துக்குத் தண்டனை கேட்பானேன்?"

"சொல்லும், தளவாய்!" என்றார் ராஜா.

தளவாய் வாயைத் திறந்தார். ராஜாவின் காலைப் பார்த்தார். கழுதை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டார். "அது வந்து... தொடைக்குக் கீழே..."

"யாருடைய தொடைக்குக் கீழே?"

தளவாய் மெல்லப் பின்னுக்கு நகர்ந்தார். ராஜா கோபத்தோடு சடாரென்று எழுந்தார்.

'கடக்!'

குகை முழுக்க எதிரொலித்தது. ராஜா நின்றபடியே கீழே போகும் படிகளைப் பார்த்தார். தனக்கு எங்கெங்கே வலித்ததோ, அங்கெல்லாம் தனக்கு முன்னால் ஆவுடையப்பர் உட்கார்ந்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கண் கலங்கிவிட்டது.

"முழங்கால்!" என்று உரக்கச் சொன்னார். "எனக்கு முழங்கால் வலி, ஐயா! ஊருக்கே தெரியட்டும். அந்த உத்தரவு இன்றோடு ஒழிந்தது." தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். "என் மானத்தைக் காப்பாற்ற உம்முடைய பதவியையே பணயம் வைத்தீரே!"

பிறகு தளவாய் பக்கம் திரும்பினார். "விருப்பண்ணா, உமக்குத்தான் நல்ல கால் இருக்கிறதே. இந்தக் குன்றிலும் அந்தக் கிணற்றிலும், என்னைப் போல வருகிறவர்கள் உட்காருவதற்கு வழிநெடுகக் கல் ஆசனம் போடும். போட்டு முடிக்கும்வரை தினம் ஏறி இறங்கிப் பாரும். இப்போது உம் தோளைக் கொடும்."

தளவாய் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தோளைக் கொடுத்தார். ராஜா ஒவ்வொரு படிக்கும் "அம்மாடி! அப்பாடி!" என்று ஆசை தீர முனகிக்கொண்டு இறங்கினார். பாதி வழியில் பார்த்தால் பின்னால் அமைச்சரைக் காணோம். ஒரு படியில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் என்ன நடிப்பு, ஆவுடையப்பரே?"

"காலையில் நன்றாகத்தான் இருந்தது மன்னா. தங்களோடு இத்தனை தரம் உட்கார்ந்து எழுந்ததில், இப்போது நிஜமாகவே பிடித்துக்கொண்டது."

குரங்குகள் மிரண்டு ஓடும்படி ராஜா சிரித்தார். "தளவாய்! அந்த இன்னொரு தோளை அவருக்குக் கொடும்!"