பாட்டனார் மேட்டின் பெருமை

ஆடி மாதத்து முதல் மழை பெய்த மறுநாள் காலை, முன்பு இருந்த ஒரு நாட்டில், ஆறு துருவின் நிறத்தில் ஓடியது. மீன்கள் வயிறு தெரிய மிதந்தன.

கரையில் ஒரு மண்மேடு இருந்தது. அரசரின் பாட்டனார் செம்புச் சுரங்கம் வெட்டியபோது வேண்டாமென்று கொட்டிய கழிவு. சுரங்கம் வற்றி மூடிப் பல காலம் ஆயிற்று. மேடு மட்டும் நின்றது. பாட்டனாரின் நினைவென்று அரசர் அதைக் கும்பிட்டுவந்தார்.

கீழ்க்கரையில் வாத்து மேய்க்கும் கொற்றி சபைக்கே வந்துவிட்டாள்.

"வாத்தெல்லாம் செத்துப்போச்சு, சாமி. எம் புள்ளைக்கு வயித்துல ஒண்ணும் தங்கல. அந்த மேட்டை வேற எங்கியாச்சும் மாத்துங்க."

அமைச்சர் குணவீரர் சிரித்தார். "ஆற்று நீர் நல்ல நீர்தான், அரசே. இவள் வாத்துக்கு என்ன தீனி போட்டாளோ!"

சபையில் விகடகவி தத்தன் இருந்தான். முந்தைய நாள் அரசர் தம் தட்டிலிருந்து அவனுக்கு ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்திருந்தார். அன்றிரவு குணவீரருக்குச் சோறு இறங்கவில்லை. தத்தனுக்கு மோதிரம் என்றால் அவருக்குக் கடகம் வேண்டும். அவனுக்குக் குதிரை என்றால் இவருக்கு யானை. கிடைக்காத நாளில் மனைவியோடும் பேசமாட்டார்.

இன்று வழி கிடைத்தது.

"தத்தன் போய் ஆராய்ந்து வரட்டும், அரசே. ஆனால் தங்கள் பாட்டனார் மேட்டைப் பற்றி ஒரு குறை சொன்னாலும் நாக்கை அறுக்க வேண்டும்."

அரசருக்கு இந்த விளையாட்டுப் பிடித்தது. "அப்படியே ஆகட்டும். தீங்கு உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். குறையும் சொல்லக் கூடாது."

தத்தன் கொற்றியோடு போனான். மேட்டைச் சுற்றினான். மேட்டடியிலிருந்து ஆற்றில் இறங்கும் ஓடையோரம் நடந்தான். கீழ்க்கரை வீடுகளில் உட்கார்ந்து பேசினான். அவளோடேயே திரும்பி வந்தான்.

"அரசே, அப்படியோர் இடத்தை நான் கண்டதில்லை. களை எடுக்கும் வேலையே கிடையாது. புல்கூட முளைப்பதில்லை. தவளை கத்தாது, நன்றாகத் தூங்கலாம். கொக்கு வந்து எச்சமிடாது, தின்ன மீன் இல்லை. பந்தியில் இடத்துக்குச் சண்டையில்லை. பாதிப் பேருக்கு எழுந்து வர முடிவதில்லை."

அரசரின் புன்னகை மெல்ல மறைந்தது.

"இவ்வளவு பெருமை உள்ள மேட்டையும் ஓடையோர நிலத்தையும் எனக்கே மானியமாகக் கொடுங்கள்," என்றான் தத்தன்.

குணவீரர் துள்ளி எழுந்தார். கழிவில் இன்னும் செம்பு இருப்பதைக் கண்டுவிட்டான் திருடன் என்று நினைத்தார்.

"முடியாது! இவனுக்கு முன் எனக்கு. நல்ல நீர் என்று முதலில் சொன்னவன் நான்."

"அவருக்கே கொடுங்கள்," என்றான் தத்தன், சற்றும் தாமதிக்காமல்.

அந்த நாட்டில் மானியம் கொடுக்கும்போது அந்த நிலத்து நீரையே கையில் வார்ப்பார்கள். பெறுகிறவர் அதைக் குடித்தால்தான் நிலம் அவருடையது. குணவீரர் பல நிலங்களுக்குக் குடித்தவர். பொறாமையில் மறந்துபோனார்.

தத்தன் மேலாடைக்குள்ளிருந்து ஒரு கெண்டியை எடுத்து அரசரிடம் நீட்டினான். ஓடையில் மொண்டது.

அரசர் வார்த்தார். குணவீரரின் உள்ளங்கையில் துருநிற நீர் நின்றது. கை வாய்க்குப் போகவில்லை.

அரசர் அந்தக் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். சபை அதிரச் சிரித்தார். தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துத் தத்தனுக்குப் போர்த்தினார்.

"நாளை முதல் அமைச்சரின் வண்டிகள் போகட்டும். மேட்டை அள்ளி, ஆற்றுக்குத் தொலைவில் கல் பாவிய குழியில் கொட்டட்டும்."

ஏந்திய கையோடு குணவீரர் அந்தச் சால்வையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொற்றி சிரிக்கவில்லை. அவர் அருகே வந்தாள்.

"எம் புள்ள தெனம் குடிக்குதுங்க. நீங்க ஒரு வாய் குடிக்க மாட்டீங்களா, ஐயா?"