கோழிக்கொட்டகைக்கு அமைச்சர் சொன்ன யோசனை

பனிமேடு என்று ஒரு மலைநாடு. ஐப்பசி பிறந்தால் போதும், அங்கே மேகம் வீட்டுக்குள் வந்து விருந்தாளி போல உட்கார்ந்துகொள்ளும். அந்த நாட்டு அரசர் வல்லபராயருக்கு, நாட்டைவிட அரண்மனைக் கொல்லையில் இருந்த நாற்பது கோழிகள்மேல்தான் பாசம் அதிகம். பின்னே? நாட்டு மக்கள் முட்டை போடுவதில்லையே!

"இந்தக் குளிர்காலத்தில் என் கோழிகளுக்கு ஒரு தும்மல்கூட வரக்கூடாது," என்றார் அரசர்.

கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் சிலம்பாயி வாயைத் திறப்பதற்குள் அமைச்சர் ஞானமூர்த்தி எழுந்துவிட்டார். அவர் கோழியை இலையில்தான் பார்த்திருக்கிறார். ஆனாலும் அமைச்சர் அல்லவா?

"குளிர் எப்படி வருகிறது? ஓட்டை வழியாக. ஓட்டையை அடைத்துவிட்டால் குளிர் ஏது?"

சபையே கைதட்டியது. கோழிக்கொட்டகையின் சந்து பொந்தெல்லாம் களிமண்ணால் பூசினார்கள். மேலே கம்பளி போர்த்தினார்கள். தீனி வைக்க ஒரு வேளை மட்டும் கதவைத் திறக்கலாம். பூச்சில் விரல் வைத்தவருக்கு ஊரில் இடமில்லை என்று அரச முத்திரையோடு ஆணையும் வந்தது.

எட்டாம் நாள், அரசவையில் வாய்ச்சாலகத்துக்குப் பேர்போன மருதையனைத் தேடி சிலம்பாயி ஓடி வந்தாள்.

"அண்ணே, கொட்டகைக்குள்ள போனா கண்ணு எரியுது. சுவரெல்லாம் தண்ணி கோத்து நிக்குது. கோழிக்கெல்லாம் மூக்கு ஒழுகுது. ரெண்டு போயிருச்சு. நான் சரியாப் பார்க்கலையாம்! இன்னொண்ணு செத்தா என்னை ஊரைவிட்டே அனுப்பச் சொல்லி அமைச்சர் ஓலை எழுதி வெச்சிருக்காரு."

"குளிர் தாங்கவில்லையோ?"

"குளிரா? அதுதான் உடம்போட போர்வையைத் தெச்சுக்கிட்டே பிறந்திருக்கே! ஈரந்தான் அதுக்கு ஆகாது. ஈரச் சட்டையோட பிள்ளையைப் போர்த்திப் படுக்க வெச்சா சளி பிடிக்காதா? அதே கதைதான்."

"இதை அமைச்சரிடம் சொல்வதுதானே?"

"சொன்னேனே. 'நீ என்ன படிச்சிருக்கே?'ன்னு கேட்டாரு."

மறுநாள் மருதையன் அரசர்முன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

"மகாராஜா, கோழிக்குக் கிடைத்த கொடுப்பினை தங்களுக்கு இல்லையே! இந்த மண்டபத்தில்தான் எத்தனை ஜன்னல்! இதையும் அமைச்சர் முறைப்படி அடைத்தால் என்ன?"

அரசருக்கு அன்று காது விறைத்திருந்தது. "உடனே செய்!" என்றார்.

"ஒரு வேண்டுகோள். இதில் கரைகண்டவர் அமைச்சர்தான். அவர் சொல்லாமல் யாரும் ஒரு துரும்பைக்கூட அசைக்கக்கூடாது."

அமைச்சர் பூரித்துப்போனார். அன்று மீசைக்கு இரண்டு தடவை எண்ணெய் போட்டாராம்.

பூச்சுவேலை முடிந்த மறுநாள் காலை, மழையில் நனைந்த கம்பளிகளோடு நாற்பது பேர் மண்டபத்துக்குள் வந்தார்கள். கதவு சாத்தப்பட்டது.

முதலில் சுகமாகத்தான் இருந்தது. "ஆகா, அம்மா மடி!" என்றார் அவைப் புலவர். கொஞ்ச நேரத்தில் கம்பளிகள் ஆட்டுக்கிடை வாடை அடித்தன. யானைக்கொட்டிலிலிருந்து நேராக வந்த பாகனைச் சுற்றி இடம் தாராளமாகக் கிடைத்தது. கூரையிலிருந்து ஒரு சொட்டு, சரியாகப் புலவர் மூக்கில் விழுந்தது. கீழே பாய் நசநசத்தது. சேனாபதி தும்மினார். அதைக் கேட்டு இன்னும் பத்துப்பேர் தும்மினார்கள்.

அரசர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "மருதையா, தலை பிளக்கிறதே!"

"எனக்குந்தான் மகாராஜா. ஆனால் அமைச்சர் சொல்லவேண்டுமே."

எல்லாரும் அமைச்சரைப் பார்த்தார்கள். நெற்றிச் சந்தனம் அவர் மூக்குவரை இறங்கி வந்திருந்தது.

"சுகமாக... இருக்கிறது," என்றார், இருமலுக்கு நடுவே.

இன்னும் அரை நாழிகை போனது. அமைச்சருக்கு வீம்பு இருந்தது, மூச்சு இல்லை.

"மேலே... கொஞ்சம் திறக்கலாம்."

மருதையன் ஓலையும் எழுத்தாணியும் எடுத்தான். "எங்கே ஐயா? கீழ்ப்பக்கமா?"

"முட்டாளே! கீழே திறந்தால் காற்று உடம்பில் அடிக்காதா? உச்சியில், கூரையை ஒட்டித் திற!"

"ஒரு பக்கம் போதுமா?"

"எதிரெதிரே இரண்டு பக்கமும்! அப்போதுதானே இந்தப் புழுக்கம் வெளியே போகும்!"

"தரைக்கு?"

"ஈரத்தை வாரிக் கொட்டு! உமியோ வைக்கோலோ, காய்ந்ததாகக் கனமாகப் பரப்பு!"

"பகலில் கதவு?"

"திறந்து வை ஐயா! ஆளை வெளியே விடு!"

மருதையன் எழுதி முடித்து, அமைச்சரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டான். அதன்பிறகுதான் கதவைத் திறந்தான். வெளியே காத்திருந்த சிலம்பாயிக்கு ஓலையை உரக்கப் படித்துக் காட்டினான்.

"அமைச்சர் ஆணை அம்மா. கொட்டகையில் இப்படியே செய்துவிடு."

"அடடா! நானும் இதைத்தானே அண்ணே கேட்டேன்!"

"அது மண்டபத்துக்குச் சொன்னது!" என்று கத்தினார் அமைச்சர். தொண்டை கட்டியிருந்ததால் அது பாதிக் கொக்கரிப்பாகத்தான் வந்தது.

அரசர் வாசலில் நின்று நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "சிலம்பாயி எங்கேயும் போகவேண்டாம். கொட்டகை இனி அவள் பொறுப்பு. அவள் சொன்னால் சொன்னதுதான். மருதையனுக்கு ஒரு பட்டுச் சால்வை," என்றார். பிறகு அமைச்சரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மருதையா, ஒன்று மட்டும் விளங்கவில்லை. கோழிக்கு என்ன வேண்டும் என்று நம் அமைச்சருக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறதே, இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை?"

மருதையன் பணிவாகக் குனிந்தான்.

"இத்தனை நாளும் அவர் வெளியே இருந்தார், மகாராஜா."